தொழில் வள்ளலின் காரில் ஒரு நாற்றம்

கடம்பத்தூர் அரிசி மில் முதலாளி மணவாளனுக்குத் ‘தொழில் வள்ளல்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலையில் அந்தப் பட்டத்தை அச்சடித்த கடிதத்தாள் ஒரு கட்டு, திருவள்ளூர் அச்சகத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியது. அன்று மாலையிலிருந்து அவர் தொழில் வள்ளல். அச்சடிக்கக் கொடுத்தவர் அவருடைய காரியதரிசி துளசிராமன். அரிசி மில்லுக்குக் காரியதரிசி எதற்கு என்று கேட்டால், வள்ளலுக்குக் காரியதரிசி இல்லாமல் எப்படி என்று துளசிராமனே பதிலும் சொல்லுவார்.

வள்ளலுக்குக் கார் வேண்டும் அல்லவா? எழுபத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் அதுவும் வந்தது. மெட்ராஸில் ஒரு கம்பெனி பத்துப் பதினோரு வருஷம் ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட வண்டி. பட்டறையில் விட்டுக் கறுப்புப் பெயின்ட் அடித்து, சீட்டுக்கெல்லாம் வெள்ளை உறை தைத்து மாட்டி, ‘புது வண்டி’ என்று ஊருக்குள் விட்டார்கள். பெயின்ட் அடித்தவன் தொழிலில் கெட்டிக்காரன். முன்கண்ணாடியைச் சுற்றி வெடித்துக் கிடந்த ரப்பருக்கும் சேர்த்து ஒரு பூச்சுப் பூசிவிட்டான். ரப்பரும் புதுசாகிவிட்டது. முதலாளியையும் காரியதரிசியையும் விட்டால், வண்டியின் உண்மையான வயது தெரிந்தவன் டிரைவர் குப்புராஜ் ஒருவன்தான். அதைப் பற்றி வாயைத் திறக்காமலிருப்பதும் அவனுடைய வேலையில் சேர்த்தி.

புது வண்டி வந்தால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவார்கள். தொழில் வள்ளலின் வண்டிக்கு அது போதுமா?

“பன்னிரண்டு குடம் பால், பஞ்சாமிர்தம்,” என்றார் துளசிராமன். “சுவாமிக்கு என்ன உண்டோ, அது நம்ம வாகனத்துக்கும் உண்டு. போட்டோ எடுக்க திருவள்ளூர்லேர்ந்து ஆள் வர்றான்.”

அப்படியே நடந்தது. கூரையிலிருந்து குடம் குடமாகப் பால் வழிந்தது. மணவாளன் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக் கைகூப்பி நின்றார். போட்டோ பெரிதாக்கப்பட்டு மில் ஆபீசில், சாமி படங்களுக்கு ஒரு சாண் மேலே மாட்டப்பட்டது.

பத்தாம் நாள் நாற்றம் வந்தது.

முதலில் லேசாக. கதவைத் திறந்ததும் ஒரு வீச்சம்; வண்டி ஓட ஆரம்பித்தால் மறைந்துவிடும். பிறகு ஓடும்போதும் இருந்தது. பிறகு வெயிலில் நிறுத்திவிட்டு வந்து ஏறினால் கண்ணில் நீர் வந்தது. மணவாளன் திருவள்ளூர் கோர்ட்டு வாசலில் இறங்கும்போது, வரவேற்க வந்த வக்கீல் ஒருவர் கைகுலுக்கிவிட்டு ரெண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். வள்ளலுக்கு அது பொறுக்கவில்லை.

“டேய் குப்பு, இன்னாடா இது, வண்டி பூரா மீன் நாத்தம்?”

“மீன் நாத்தம் இல்லீங்க மொதலாளி.”

“அப்ப எனக்கு மூக்கு இல்லன்றியா?”

குப்புராஜின் சொந்த ஊர் பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கரைக் குப்பம். அப்பன், அண்ணன் தம்பி எல்லோரும் வலை வீசுகிறவர்கள். அவன் மட்டும் ஐஸ் லாரி ஓட்டி, பஸ் ஓட்டி, இங்கே வந்து சேர்ந்தவன். பத்து வருஷமாகத் தண்ணீரில் கால் வைக்காதவன். ஆனால் காருக்குள் நாற்றம், காருக்குள் ஒரு குப்பத்தான்; மேற்கொண்டு விசாரிக்க என்ன இருக்கிறது?

துளசிராமன் விசாரித்தார். நெல் மூட்டையோடு எடை போட வந்த விவசாயிகள் இருபது பேர் நின்றுகொண்டிருந்த மில் வாசலில், “கையைத் தூக்கு,” என்றார். குப்புராஜுக்கு முதலில் புரியவில்லை. தூக்கினான். துளசிராமன் கண்ணை மூடிக் குனிந்து அவனுடைய அக்குளுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஒரு தடவை இழுத்தார்.

“பழவேற்காடு,” என்றார், ரயிலில் அடுத்த ஸ்டேஷனைச் சொல்கிறவர் மாதிரி.

விவசாயிகள் சிரித்தார்கள். குப்புராஜின் கை அப்படியே மேலேயே நின்றது. அந்தக் கையைக் கீழே இறக்கும்போது எங்கே இறக்குவது என்று அவனுக்கு ஒரு நொடி தெளிவாகத் தெரிந்தது. துளசிராமனுடைய கன்னம் பக்கத்தில்தான் இருந்தது. வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு கையைத் தன் பக்கத்திலேயே இறக்கினான்.

அன்றிலிருந்து சட்டங்கள் வந்தன. மில் கிணற்றில் காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது. ஓட்டும்போது சீட்டில் கோணிப்பை விரித்து அதன்மேல் உட்காரவேண்டும். வீட்டில் மீன் ஆக்கக் கூடாது. இவ்வளவும் போதாதென்று துளசிராமன் வண்டிக்கும் வைத்தியம் ஆரம்பித்தார். சாம்பிராணிப் புகை போட்டார். ஸ்டியரிங்கில் மல்லிகைச் சரம் சுற்றினார். டேஷ்போர்டு இடுக்கில் ஊதுவத்தி செருகி அதைப் பொசுக்கினார். மெட்ராஸிலிருந்து பன்னீர் வரவழைத்து உறைமேல் தெளித்தார். கடைசியில் காருக்குள் ஏறினால், பொணத்தை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே கல்யாணமும் நடத்துகிற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

“மூணு வாரமா கத்திரிக்காவே துன்னுக்கினு கீறோம்,” என்றாள் குப்புராஜின் மனைவி எல்லம்மா. “நாத்தம் போச்சா?”

“போவல.”

“நாளைக்கு கத்திரிக்கா நாத்தம்னுவான். அப்ப இன்னாத்த துன்றது, மண்ணையா? இன்னாய்யா ஆம்பள நீ? வாய்ல இன்னா வெச்சிக்கினு கீற?”

“வாயத் தொறந்தா வேல போய்டும்டி.”

“இப்ப மட்டும் இன்னா, மாலை போட்டு உக்கார வெச்சிக்கீறாங்களா? கோணிப்பைலதான குந்திக்கினு கீற?”

அவனிடம் கோபம்தான் இருந்தது. அதை எல்லம்மாவிடம் காட்டவும் முடியவில்லை, காட்ட வேண்டிய இடத்தில் காட்டவும் முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை மணவாளன் கூப்பிட்டனுப்பினார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வருகிறது. அங்கே யாருக்கு எந்த மனை என்று முடிவு செய்கிற பெரிய அதிகாரி வெள்ளிக்கிழமை ரயிலில் கடம்பத்தூர் வந்து இறங்குகிறார். வள்ளல் தம்முடைய சொந்தப் புது வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போய் இடம் காட்டப்போகிறார். அரிசி மில்காரர் தொழிலதிபராவது அந்த ஒரு பயணத்தில்தான் இருக்கிறது.

“வெள்ளிக்கெழம நாத்தம் இருந்துச்சுன்னா, சனிக்கெழம நீ இருக்கமாட்ட. போற எடத்துலயும் உன்ன எவனும் வண்டில ஏத்தாத மாதிரி சொல்லி அனுப்புவேன். புரிஞ்சுதா?”

“வண்டியக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துர்றேன் மொதலாளி.”

“புது வண்டியைப் பிரிப்பதாவது!” என்றார் துளசிராமன். “உன்னைப் பிரித்துப் பார்த்துக்கொள்.”

செவ்வாய்க்கிழமை காலை இருவரும், அதிகாரியைப் பார்க்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டு தைக்க மெட்ராஸுக்கு ரயிலேறினார்கள். காரில் போகவில்லை. தையற்காரன் முன்னால் நாறக்கூடாது என்பது காரணம்.

குப்புராஜ் கோணிப்பையை எடுத்து எறிந்தான். வண்டியை மில் களத்துக்கு நடுவில், நெல் காயவைக்கிற சிமென்ட் தரையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

அவன் மூக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மூடின கூடையைத் திறக்காமலே, உள்ளே இருக்கும் மீன் விடிகாலை பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று சொல்லக்கூடிய மூக்கு அது. மீன் கெட்டால் அந்த வாடையில் உப்பு இருக்கும். தொண்டையில் வந்து நிற்கும். காரில் இருந்ததில் உப்பே இல்லை. புளிப்பு. தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கிக் குமட்டியது. கடம்பத்தூரில் மீன் நாற்றம் எது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆளைத்தான் மீன் நாற்றத்துக்காகக் குளிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தெரிந்த நாற்றங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். பெட்ரோல் கசிந்தால் மூக்கு நுனியில் எரியும், இது இல்லை. பாட்டரி பொங்கினால் அழுகின முட்டை, இல்லை. ஒயர் கருகவில்லை. பானெட்டைத் திறந்து எலி செத்துக் கிடக்கிறதா என்று கைவிட்டுத் துழாவினான், இல்லை. டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டான். பழைய ரப்பர் வாடை, அவ்வளவுதான்.

பிறகு கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிக் கதவுகளைச் சாத்தி, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் விட்டான். ஊறட்டும். ஒரு மணி கழித்து ஒவ்வொரு கதவாகத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ஒவ்வொரு மூலையிலும் ஒரே ஒரு தடவை இழுத்தான். பின்சீட்டு, கொஞ்சம். கூரைத் துணி, கொஞ்சம்கூட இல்லை. தன்னுடைய சீட்டு... அதை மட்டும் ரெண்டு தடவை மோந்தான். ஒன்றும் இல்லை. பன்னீரும் கோணியும்தான். முன்பக்கம் இடதுபுறம், கால் வைக்கிற இடத்தில் குனிந்தான். குனிந்த வேகத்தில் வெளியே வந்து களத்தில் வாந்தி எடுத்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது எறும்பு தெரிந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரே சாரியாக இறங்கி, கால்மிதியாகப் போட்டிருந்த ரப்பர் மேட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. மேட்டைத் தூக்கினான். அடியில் சத்தம் வராமலிருக்கக் கனமாகச் சணல் விரிப்பு போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தைப் பிடித்துக் கிள்ளினான். சாம்பலும் மஞ்சளுமாகக் கட்டி கட்டியாக விரலோடு வந்தது. ஒரு கட்டியில் வாழைப்பழ நாரும், காய்ந்த திராட்சை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன.

குப்புராஜ் நேராக மில் ஆபீசுக்குப் போய் அந்தப் போட்டோவுக்கு முன்னால் நின்றான். படத்தில் பால் முன்கண்ணாடியில் அருவியாக இறங்கி, கண்ணாடியின் அடி ரப்பருக்குள் போய் மறைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு குடத்தில் எத்தனை குடம் காருக்குள் போனதோ. பக்கத்தில் வள்ளல் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

“நீ ஊத்துன பாலு,” என்று படத்தைப் பார்த்துச் சொன்னான். “நீ ஊத்துன பாலுக்கு நான் குளிக்கிறேன், ரெண்டு வேள.” போட்டோமேல் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. மேலே மாட்டியிருந்ததால் எட்டவில்லை.

களத்துக்கு வந்தபோது மணவாளனின் மனைவி சம்பூர்ணம், களத்தை ஒட்டிய வீட்டிலிருந்து வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கார்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“பால் சட்டிய கழுவாம போட்ட நாத்தம்,” என்றாள். “மொத நாளே சொன்னேன். ‘மெஷின் பத்தி உனக்கு இன்னா தெரியும்’னாரு. நாப்பது வருஷமா பால் காச்சறேன், எனக்குப் பால் தெரியாதா?”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. மூணு வாரமா...”

“சொல்லியிருக்கணும்,” என்றாள் அந்த அம்மாள். கொஞ்சம் தலைகுனிந்து உள்ளே போனவள், ஒரு டப்பா சலவைச் சோடாவும் அண்டா நிறைய வெந்நீரும் அனுப்பிவைத்தாள்.

ரெண்டு நாள் வேலை. சீட்டுகளைக் கழற்றி வெயிலில் போட்டான். சணல் விரிப்பைப் பிய்த்தெடுத்து ஒரு சாக்கில் கட்டினான். தரைத் தகட்டில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் ரப்பர் மூடிகளைப் பிடுங்கிவிட்டு, சோடா வெந்நீர் ஊற்றி மூன்று தடவை தேய்த்துக் கழுவினான். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, துணி சுற்றின குச்சியால் துடைத்துத் துடைத்து எடுத்தான். கையெல்லாம் கீறல். வியாழன் மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி, கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் வெயிலில் விட்டுத் திறந்தான். சூடான இரும்பு வாடை வந்தது. வேறொன்றும் இல்லை.

மாலையில் கோட்டோடு வந்து சேர்ந்த மணவாளன் காருக்குள் ஏறி உட்கார்ந்து மூக்கை உயர்த்தினார்.

“பாத்தீங்களா துளசி? சாம்பிராணி வேலையக் காட்டிடுச்சு.”

குப்புராஜ் சாக்கைக் கொண்டுவந்து அவர் காலடியில் அவிழ்த்துக் கொட்டினான். “இதான் மொதலாளி நாத்தம். அபிஷேகம் பண்ண பாலு. கண்ணாடி ரப்பர் பூரா வெடிச்சிருக்குது, அது வழியா உள்ள எறங்கி அழுகிக்கீது. ரப்பர மாத்தணும். இல்லன்னா மழை பெஞ்சாலும் ஒழுகும்.”

“புது வண்டிக்குப் புது ரப்பரா?” மணவாளனின் குரல் ஏறியது. “ஊர்ல இன்னாடா சொல்லுவான்? அப்பறம், அபிஷேகப் பால் நாறுமா? எந்தக் கோயில்லயாவது நாறிக்கீதா?”

“கோயில்ல கழுவுறாங்க மொதலாளி.”

“பால்தான்,” என்று வாசற்படியிலிருந்து சம்பூர்ணம் சொன்னாள். “நானும் பாத்தேன்.”

“நீ உள்ள போ.”

துளசிராமன் அந்தக் குப்பையைச் செருப்பு நுனியால் புரட்டினார். யோசித்தார். முகம் மலர்ந்தது. “பால் என்பதை மறுக்கவில்லை. அது பரிசுத்தமான திரவியம். தானாகக் கெடாது. யார் கால் அதன்மேல் பட்டது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.”

“நான் ஓட்றது அந்தாண்ட பக்கம். இந்தப் பக்கம் கால் வெச்சிக்கினு குந்துனது நீங்கதான் சார்,” என்றான் குப்புராஜ்.

“டேய்!” என்றார் மணவாளன். “நாளைக்கி வேல இருக்குதுன்னுதான் உட்றேன். வாயப் பொத்திக்கினு போ.”

போனான். வேலை தப்பியது என்று எல்லம்மாவிடம் சொன்னான். சொல்லும்போது சந்தோஷமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி மில் வாசலில் நிறுத்தியபோது, மேளம் வந்து நின்றது. திருவள்ளூர் போட்டோக்காரர் வந்து நின்றார். அப்புறம் வரிசையாகப் பன்னிரண்டு குடம் வந்தது.

குப்புராஜ் ஓடினான். “சார், வேணாம் சார். ரப்பர் அப்பிடியே கீது. மறுபடியும் எறங்கும் சார்.”

“தோஷம் கழிந்த வாகனத்துக்கு அபிஷேகம் செய்யாமல் கிளப்புவதா?” என்றார் துளசிராமன். “அதிகாரி கண்ணால் பார்க்கட்டும், நம்ம கௌரவத்தை.”

அதிகாரி ரயிலடியிலிருந்து மேளத்தோடு அழைத்து வரப்பட்டார். ஒல்லியான மனுஷர், பேன்ட் சட்டை, கையில் ஒரு கோப்பு. பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று சொல்லி முன்பக்கம் இடதுபுறம் ஏறிக்கொண்டார். கோப்பைப் பிரித்து மடியில் வைத்தார். மணவாளன் புதுக் கோட்டோடு பின்னால் ஏறினார். குப்புராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். முதல் குடம் சாய்ந்தது.

மூன்றாவது குடத்தில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு அதிகாரியின் ஷூமேல் விழுந்தது. ஐந்தாவது குடத்தில் அது நூலாக இறங்கியது. ஏழாவதில் கோப்பு நனைந்தது. அதிகாரி கால்களைத் தூக்கிக்கொண்டார்.

“என்னப்பா இது?” அவர் கேட்டது குப்புராஜைத்தான்.

பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் மணவாளனின் முகம் தெரிந்தது. வாயைத் திறக்காதே என்று அந்த முகம் சொன்னது. மூன்று வாரமாக எல்லோரும் அதைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“பாலு சார். போன தபாவும் இங்கதான் எறங்குச்சு. அழுகி நாறுச்சு. நான் மீன் துன்றதால நாறுதுன்னாங்க.”

“புது வண்டி என்றாரே?”

“அறுபத்திரெண்டு மாடல் சார். பெயின்ட்டுதான் புதுசு.”

“டேய் கம்மனாட்டி!” என்று பின்சீட்டிலிருந்து தொழில் வள்ளல் அலறினார். வெளியே துளசிராமன் எட்டாவது குடத்துக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

குப்புராஜ் இறங்கினான். தலையில் பால் கொட்டியது. சாவியை பானெட்மேல், பாலுக்கு நடுவில் வைத்தான். “இனிமே மீன்காரன் வண்டில இல்ல,” என்று துளசிராமனிடம் சொன்னான். “எவன் நாறுறான்னு நல்லா மோந்து பாரு.” பக்கத்து எட்டூருக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னான். போட்டோக்காரர் அதையும் ஒன்று எடுத்தார். அந்தப் படத்தை யாரும் பெரிதாக்கி மாட்டவில்லை.

அதிகாரி நனைந்த கோப்பைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு அடுத்த ரயிலிலேயே திரும்பினார்.

மணவாளன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கடம்பத்தூரிலும் திருவள்ளூரிலும் எவனும் குப்புராஜுக்கு வண்டி கொடுக்கவில்லை. ரெண்டு மாதம் சும்மா கிடந்தான். அப்புறம் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்காரன் ஒருவன் இரும்பு ஏற்றுகிற லாரிக்கு ஆள் எடுத்தான். அவன் லைசென்ஸைப் பார்த்தான். அக்குளைப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒருநாள், தொழிற்பேட்டை ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் குப்புராஜ் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கறுப்புக் கார் வந்து நின்றது. நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன. மணவாளன் கோட்டோடு இறங்கி, ஒரு மனுவைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் போனார். காரை ஓட்டி வந்தவன் புதியவன். நெற்றியில் பட்டை விபூதி. குளித்துக் குளித்துத் தோல் வெளுத்திருந்தது. டீ வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றான்.

“எந்த ஊருப்பா?”

“பொதட்டூர்பேட்டைண்ணே. பச்சையப்பன்.” குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, ஒரு சந்தேகம். நாத்தம் போறதுக்கு நல்ல சோப்பு எது?”

“யாருக்கு?”

“எனக்குத்தாண்ணே. எங்க ஊட்ல முட்டைகூட தொடமாட்டோம். ஆனா என் ஒடம்புல ஏதோ நாத்தம் இருக்குதாம், வண்டி பூரா அடிக்குதாம். ஆயுத பூசைக்கு வண்டிக்குப் பன்னெண்டு கொடம் பால் ஊத்தியும் போவலியாம். மூணு வேள குளிக்கிறேன். போகமாட்டேங்குது. பேஜாரா இருக்குது.”

அவன் உட்கார்ந்து ஓட்டிவந்த சீட்டில் கோணிப்பை விரித்திருந்தது.

குப்புராஜ் தட்டைக் கீழே வைத்தான். கோணியைப் பார்க்கப் பார்க்க, இறங்கிப்போய்விட்டது என்று அவன் நினைத்திருந்த கோபம் அத்தனையும் திரும்பி வந்தது. ரோட்டைத் தாண்டிப் போனான். இடது கதவைத் திறந்தான்.

“அண்ணே, தொடாதண்ணே, மொதலாளி வெட்டிடுவாரு!”

ரப்பர் மேட்டைப் பிடித்து இழுத்து ரோட்டில் வீசினான். அடியில் புதிதாகப் போட்டிருந்த சணல் விரிப்பை ரெண்டு கையாலும் பிய்த்தான். எறும்போடும் கட்டியோடும் அது கிழிந்து வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். ஆபீஸ் படியில் மணவாளன் தோன்றி, “டேய்! டேய்!” என்று கத்தினார். குப்புராஜ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விரிப்பைப் பச்சையப்பனின் காலடியில் போட்டான்.

“மோந்து பாரு.”

பச்சையப்பன் குனிந்து மோந்தான். முகம் கோணி நிமிர்ந்தான்.

“இப்ப உன் சட்டைய மோந்து பாரு. இன்னாத்துக்கு முழிக்கிற? மோந்து பாருடா!”

பச்சையப்பன் கையைத் தூக்கித் தன் சட்டைக் கையில் மூக்கை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை. மறுபடி இழுத்தான். இன்னொரு கையையும் மோந்தான்.

“சோப்பு வாசனதாண்ணே வருது,” என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. “வெறும் சோப்பு வாசன.”